லட்யன்ஸின் சதுக்கத்துக்கு அப்பால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புது தில்லி பற்றிய தங்கள் இதழின் கட்டுரையில், அந்நகரை வடிவமைத்த கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் அதற்கு முன் செய்த பணிகளுள் ஒன்றாக லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் என்னும் குடியிருப்பு ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. அத்தெருக்களில் பல ஆண்டுகள் நடந்து பழகியவன் என்பதால், அந்த வரி எனக்குப் போதவில்லை.

நடுச் சதுக்கமும் அங்கே எதிரெதிராக நிற்கும் இரண்டு தேவாலயங்களும் லட்யன்ஸுடையவைதாம். ஆனால் 1907இல் தொடங்கிய அந்தக் குடியிருப்பைக் கனவு கண்டவர் ஹென்ரியெட்டா பார்னெட் அம்மையார். அதற்கு மனைப்படம் வகுத்தவர்கள் ரேமண்ட் அன்வினும் பாரி பார்க்கரும். கிழக்கு லண்டனின் ஒயிட்சாப்பலில் நெருக்கடியான குடியிருப்புகளுக்கிடையே நெடுங்காலம் பணிபுரிந்த அம்மையார், கூலித் தொழிலாளியும் வசதி படைத்தவரும் ஒரே ஊரில் வாழ வேண்டும் என்று விரும்பினார். ஏக்கருக்குச் சராசரியாக எட்டு வீடுகளே இருக்க வேண்டும் என்று வரையறுத்த 1906ஆம் ஆண்டின் தனிச்சட்டம், அகலமான சாலைகளைக் கட்டாயமாக்கிய அக்கால விதிகளிலிருந்து அவர்களுக்கு விலக்களித்தது. குறுகிய தெருக்களும், ஒரு புல்வெளியைச் சுற்றி வீடுகள் அணைத்து நிற்கும் முட்டுச்சந்துகளும் அதனால்தான் சாத்தியமாயின. வீட்டுக்கு வீடு மதில் எழுப்பாமல் உயிர்வேலி வளர்த்தார்கள். தனித்து வாழ்ந்த உழைக்கும் பெண்களுக்காக, முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் ஓடும் வாட்டர்லோ கோர்ட் என்னும் குடியிருப்பை 1909இல் கட்டடக் கலைஞர் பெய்லி ஸ்காட் கட்டினார். அந்தத் தாழ்வாரத்தைப் பார்க்கையில் நம் பழைய முற்றத்து வீடுகளே எனக்கு நினைவுக்கு வரும்.

குத்தகை வீடுகளைக் குடியிருப்போரே விலைக்கு வாங்க 1967ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தபோது, குத்தகைக் கட்டுப்பாடுகள் நீங்கி இந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1968இல் அப்பகுதி, பழைய தோற்றம் மாறாமல் காக்கப்பட வேண்டிய பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1974இல் நடைமுறைக்கு வந்த மேலாண்மைத் திட்டத்தின்படி, வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கு அங்குள்ள அறக்கட்டளையின் ஒப்புதல் வேண்டும். இந்தக் கண்டிப்பை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்; அது இல்லையென்றால் சன்னல் சன்னலாக அந்த ஊர் உருமாறியிருக்கும். ஆயினும் செங்கல்லையும் ஓட்டுக்கூரையையும் காத்த சட்டத்தால், அவை யாருக்காகக் கட்டப்பட்டனவோ அவர்களைக் காக்க முடியவில்லை. முதியோருக்காக அன்வின் அமைத்த 'ஆர்ச்சர்ட்' குடியிருப்பு பிற்காலத்தில் இடிக்கப்பட்டது. தொழிலாளர்களுக்கென எழுந்த சிறு வீடுகளை இன்று ஒரு தொழிலாளியால் வாங்க இயலாது.

கட்டடக்கலை குறித்துத் தாங்கள் மீண்டும் எழுதும்போது, லட்யன்ஸின் சதுக்கத்தோடு அன்வினின் முட்டுச்சந்து ஒன்றின் படத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், லண்டன்