கபோனைப் பிடித்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய கேங்ஸ்டர் படங்களைப் பற்றிய கட்டுரையை ஆவலோடுதான் படிக்க உட்கார்ந்தேன். "எஃப்.பி.ஐ. அதிகாரி எலியட் நெஸ் துப்பாக்கி முனையில் அல் கபோனை வீழ்த்தினார்" என்று ஒரு வாக்கியம். அதற்கு மேல் காபி இறங்கவில்லை.

நெஸ் ஒருநாளும் எஃப்.பி.ஐ.யில் இருந்ததில்லை என்பது தங்களுக்குத் தெரியாதா என்ன! அவர் அமெரிக்க அரசின் மதுவிலக்குப் பிரிவுக்காரர். சிகாகோவில் கள்ளச்சாராய தாதா கபோனின் பீர் ஆலைகளை அடித்து நொறுக்கினார், அந்தப் பெருமை அவருக்கே இருக்கட்டும். ஆனால் 1931 அக்டோபரில் கபோனுக்கு 11 ஆண்டு சிறை கிடைத்தது வருமானவரி வழக்கில். கருவூலத் துறையின் ஃபிராங்க் வில்சன், எப்போதோ ஒரு சூதாட்ட விடுதியில் கைப்பற்றிக் கேட்பாரற்றுக் கிடந்த பேரேடுகளைத் தோண்டியெடுத்து, கையெழுத்தை வைத்தே அதை எழுதிய கணக்குப்பிள்ளையைத் தேடிப் பிடித்தார்.

பணி ஓய்வு வரை வருமானவரி அலுவலகத்தில் பேரேடு புரட்டியவன் நான். ஒரு ஜவுளிக்கடையில் இரண்டாம் கணக்கு நோட்டை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்திருக்கிறோம். எங்களை வைத்து யார் படம் எடுப்பார்கள்? 1987-ல் வந்த 'தி அன்டச்சபிள்ஸ்' படத்தில் நெஸ்ஸோடு ஒரு கணக்கரைச் சேர்த்தார்கள். அவரையும் பாதியிலேயே லிஃப்டில் கொன்றுவிட்டார்கள். அதே படத்தில் நெஸ், கபோனின் கூட்டாளி ஃபிராங்க் நிட்டியை மாடியிலிருந்து தள்ளிக் கொல்கிறார். நிஜ நிட்டி 1943-ல் தற்கொலை செய்துகொண்டவர். சினிமா கதை விடலாம் சார், கட்டுரையுமா?

அப்புறம் அந்த 'ஜி மென்' (1935) ஸ்டில். கீழே "கொள்ளைக்காரனாக ஜேம்ஸ் கேக்னி" என்று போட்டிருக்கிறீர்கள். அதில் அவர் அரசாங்க ஏஜென்ட்! 1931-ல் 'தி பப்ளிக் எனிமி'யில் ரவுடியாகப் பேர் வாங்கியவரையே, 1934-ல் ஹாலிவுட்டில் தணிக்கைக் கெடுபிடி இறுகிய பிறகு சட்டத்தின் பக்கம் நிறுத்தினார்கள். அந்தப் படத்தின் விசேஷமே அதுதானே?

சரி, பழையதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நான் எழுதிய கடிதம் வரவே இல்லை. அதற்கு முந்தையது பாதி வெட்டுப்பட்டு வந்தது. அதிலும் என் ஊர் காஞ்சிபுரம் ஆகியிருந்தது. பொங்கல் மலர் எனக்கு மாசியில் கிடைத்தது. கேட்டால் தபால் தாமதம் என்றீர்கள். பஸ் ஸ்டாண்ட் கடையில் அதே மலர் பொங்கலுக்கு முன்பே தொங்கிக்கொண்டிருந்தது. தங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துபவர் இன்னும் இருக்கிறாரா, அவரும் என்னைப்போல் ஓய்வு பெற்றுவிட்டாரா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த இதழில், ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் போதும், இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள். வில்சன் பெயரைச் சேர்த்தால் மகிழ்வேன். அடுத்த ஆண்டுச் சந்தாவும் அனுப்பிவிட்டேன். ரசீது இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
கும்பகோணம் (காஞ்சிபுரம் அல்ல)