பாண்ட் குழுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

போன செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டபிறகு பத்தாம் தரப் பிள்ளை ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சொப்பிங் பை. உள்ளே தோய்த்து அயன் பண்ணி மடித்த பாண்ட் உடுப்பு. அதற்கு மேல், நுனி பிளந்து செலோரேப் சுற்றிய இரண்டு டிரம்ஸ் குச்சிகள். "சேர், ஓ.எல். பரீட்சை வருகுது, அம்மா இனி வேண்டாமாம்" என்றார். இந்தத் தவணையில் உடுப்பைத் திருப்பித் தந்த ஐந்தாவது பிள்ளை அவர்.

அவரோடு நான் அமெரிக்க ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ரோனி வில்லியம்ஸைப் பற்றிக் கதைத்தேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

1945இல் சிக்காகோவில் பிறந்து பொஸ்ரனில் வளர்ந்தவர். தகப்பன் சாக்சபோன் வாசிப்பவர்; சின்ன வயதிலேயே மகனைக் கச்சேரி நடக்கும் இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவார். எங்கள் தவில் மேதை தெட்சணாமூர்த்தி இணுவிலில் தவிற்கார வீட்டில் வளர்ந்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ரோனி, அலன் டோசன் என்ற டிரம்ஸ் ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். டோசனிடம் சும்மா அடித்துவிட்டுப் போக முடியாது. பாட்டின் மெட்டை வாயால் பாடிக்கொண்டே கையும் காலும் தாளம் தவறாமல் வாசிக்க வேண்டும். சொற்கட்டுச் சொல்லிப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தப் பயிற்சிக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை ஒருநாள் மண்டபத்துக்கு வந்து பாருங்கள். கணக்குப் பாடத்தில் கேட்கும் அதே கவனம்தான்.

பதினேழு வயதில், 1963இல், புகழ்பெற்ற ஜாஸ் ட்ரம்பெற் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அடுத்த வருடமே தன் பெயரில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதிலிருந்த உருப்படிகள் அவரே அமைத்தவை. 1969இல் சொந்தக் குழு தொடங்கினார். அதில் கிற்றார் வாசித்தவர் ஜோன் மக்லோக்ளின். இதே மக்லோக்ளின் பிறகு 'சக்தி' என்ற குழுவில் எல். சங்கரின் வயலினோடு சேர்ந்து வாசித்தார். அந்தச் சங்கர் சின்ன வயதில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். அவருடைய தகப்பன் லட்சுமிநாராயணா இங்கே இசை கற்பித்தவர். இதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

இன்னொன்றையும் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். உலகமே தெரிந்த கலைஞரான பிறகும், 1980களில், ரோனி வில்லியம்ஸ் திரும்பவும் மாணவராகப் போய் இருந்து இசையமைப்புப் படித்தார். 1997இல் 51 வயதில் காலமானார். மேளம் அடிக்கிற பிள்ளை படிக்காத பிள்ளை என்று எங்கள் ஊரில் ஒரு கதை இருக்கிறது. அதை நான் ஒருக்காலும் ஏற்க மாட்டேன்.

சரி, பரீட்சைப் பயம் எனக்கும் விளங்கும். நான் கேட்பது கிழமையில் இரண்டு பின்னேரம்: செவ்வாய், வியாழன், 2.00 முதல் 3.30 வரை. தவணைப் பரீட்சைக்கு முந்தைய மூன்று கிழமையும் பயிற்சி இல்லை. ரியூசன் நேரம் இடித்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், பயிற்சி நாட்களை மாற்றிப் பார்க்கலாம்.

ஐந்து பிள்ளைகளின் உடுப்பும் பெயர் ஒட்டி என் அலுமாரியில் இருக்கின்றன. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வந்து என்னோடு ஒருதரம் கதையுங்கள்.

அன்புடன்,
அதிபர்