11,297 வெள்ளி யார் கையில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குடும்ப வருமானம் பற்றிச் சிங்கப்பூர்ப் புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. வேலை மூலம் ஒரு குடும்பம் ஈட்டும் இடைநிலை மாத வருமானம் (பாதிக் குடும்பங்கள் இதைவிடக் கூடுதலாகவும் பாதி குறைவாகவும் ஈட்டும் நடுத்தொகை) 2023இல் 10,869 வெள்ளியாக இருந்து 2024இல் 11,297 வெள்ளியானது. இந்த எண் தலைப்பில் வந்தாலே எங்கள் புளோக்கில் பலருக்கு மனசு சுருங்கிப் போகிறது. ஊரே இவ்வளவு சம்பாதிக்கும்போது நாம் மட்டும் பின்தங்கிவிட்டோமோ என்று கவலைப்படுகிறார்கள். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதைச் செய்தியோடு சேர்த்தே சொல்லிவிட்டால் இந்தக் கவலையில் பாதி குறையும்.

முதலில், அது கைக்கு வரும் பணம் அல்ல. ஊழியரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளி கட்டும் சந்தாவும் அதில் அடக்கம். 55 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குச் சம்பளம் 4,000 வெள்ளி என்று வையுங்கள். முதலாளி 17 விழுக்காடு, அதாவது 680 வெள்ளி போடுகிறார். புள்ளிவிவரக் கணக்கில் 4,680 ஏறுகிறது. ஊழியரின் பங்கான 20 விழுக்காட்டைப் பிடித்தபின் வீட்டுக்கு வருவதோ 3,200. சேமநிதிப் பணம் எங்கும் போய்விடவில்லை, சரி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடனைப் பலர் அதில்தான் அடைக்கிறார்கள். ஆனால் அதை எடுத்து ஈரச்சந்தையில் மீன் வாங்க முடியாது. மாதக் கடைசியில் வீட்டுச் செலவைப் பார்ப்பவர்களுக்கு 4,680க்கும் 3,200க்கும் உள்ள தூரம்தான் வாழ்க்கை.

விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் 2024இல் உண்மையான உயர்வு 1.4 விழுக்காடு மட்டுமே. பொருள் சேவை வரி 9 விழுக்காடானதும் அந்த ஆண்டு ஜனவரியில்தான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ஒருவராவது வேலை பார்க்கும் குடியிருப்பாளர் குடும்பங்களைத்தான் இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஒரே ஆள் சம்பாதித்த வீட்டில் அவருக்கு ஆட்குறைப்பு நடந்து வேறு வேலை அமையவில்லை என்றால், அந்தக் குடும்பமே கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. வேலை வருமானத்தை அளக்கும் கணக்கு அப்படித்தான் இருக்கும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடுகளின் நிலையை வேறு செய்திகள் வழியாகவாவது நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், வேலையை இழந்தவர்களுக்கு ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை தருகிறது. முந்தைய சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. வேலைக்கு விண்ணப்பிப்பது, பயிற்சிக்குப் போவது போன்றவற்றை மாதாமாதம் செய்து காட்டவும் வேண்டும். ஐம்பதைத் தாண்டி வேலையிழந்த நம்மவர்களில் சிலருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களும் இணையப் படிவத்தைப் பார்த்துத் தயங்கி நிற்கிறார்கள்.

அடுத்த முறை வருமான அறிக்கை வரும்போது கைக்கு வரும் தொகை எவ்வளவு என்று ஒரு சிறு கட்டம் போட்டு விளக்குங்கள். பக்கத்திலேயே இந்த உதவிக்கு விண்ணப்பிக்கும் முறையையும் எளிய தமிழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்