எச் எழுத்தும் காய்ந்த கேழ்வரகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓசூரில் அமைக்கத் திட்டமிடும் விமான நிலையம் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தப் பக்கம் விமானமே பார்த்ததில்லை என்பதுபோல் எழுதுகிறார்கள். ஓசூர் பக்கத்துப் பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் 1990களிலிருந்தே இருக்கிறது.

பக்கத்து பெங்களூரில் கேப்டன் கோபிநாத் தன் ராணுவ நண்பரோடு 1997-ல் ஹெலிகாப்டரை வாடகைக்கு விட ஆரம்பித்தார். டெக்கான் ஏவியேஷன் என்ற அந்த நிறுவனத்திலிருந்துதான் 2003-ல் ஏர் டெக்கான் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனம் வந்தது. சின்ன ஊர்களுக்கு ஏடிஆர் என்ற சிறிய விமானங்களை விட்டார்கள். அப்புறம் அது கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தோடு சேர்ந்தது, 2012-ல் கிங்ஃபிஷரும் நின்றுபோனது. ஹெலிகாப்டர் வாடகைத் தொழில் மட்டும் நிற்கவில்லை.

அதை நான் பார்த்தது பாலக்கோட்டில், ஒரு தேர்தல் சமயம். கட்சித் தலைவரின் வாடகை ஹெலிகாப்டர் இறங்க, மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிதாக எச் எழுத்துப் போட்டு, புழுதி அடங்க, தண்ணீர் லாரி வைத்து நனைத்திருந்தார்கள். போதவில்லை. ஹெலிகாப்டர் இறங்கிய வேகத்தில் என் மனைவி களத்தில் காயப்போட்ட கேழ்வரகு பாதி, புழுதியோடு தெருவுக்குப் போய்விட்டது. தலைவர் பேசியது பத்தே நிமிடம். கேழ்வரகைப் புடைக்க எங்களுக்கு இரண்டு நாள்!

சரி, அது போகட்டும். பெங்களூர் விமான நிலையத்தைச் சுற்றி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய விமான நிலையம் கூடாது என்ற ஒப்பந்தம், வாடகைச் சிறு விமானங்களுக்கும் பொருந்துமா? உங்கள் நிருபர் விசாரித்து எழுதினால் நல்லது.

– ஓய்வுபெற்ற தபால்காரர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.