எங்கள் உழைப்பைக் காட்டி எங்கள் மனுவை முடித்து வைக்காதீர்கள்

ஏரியின் பொறுப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், வணக்கம்.

ஏரியின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த ஏரி, எந்தக் கரை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளாக எங்கள் முகங்களும் உங்களுக்குத் தெரியும். பெயரைப் போட்டால், படிக்கிறவர்கள் அந்த ஊர்ப் பிரச்சினைதானே என்று நகர்ந்துவிடுவார்கள். தாம்பரத்துக்குக் கிழக்கே பள்ளிக்கரணை வரை எந்த ஏரிக்கரையில் குடியிருப்பவரும் இந்த மடலைத் தம்முடையதாக எடுத்துக்கொள்ளலாம்.

சென்ற வாரம் என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. வடகரைச் சிறுபாலத்தின் வழியாக ஏரிக்குள் விழும் கழிவுநீரை நிறுத்தும்படி நாங்கள் கொடுத்த மனு முடித்து வைக்கப்பட்டுவிட்டதாம். காரணம் ஒரே வரியில் இருந்தது: தன்னார்வலர்களைக் கொண்டு ஏரி தூய்மை செய்யப்பட்டு வருகிறது.

அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட 63 பேர்தான் அந்தத் தன்னார்வலர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றதையே பதிலாக எழுதி, நாங்கள் கேட்டதை உங்கள் அலுவலகம் மூடிவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபத்தோடு எழுதினால் மரியாதை தவறிவிடும் என்று ஆறு நாள் பொறுத்துவிட்டு எழுதுகிறேன்.

நாங்கள் கேட்டது ஒன்றுதான். ஏரியை எங்களுக்காகச் சுத்தம் செய்யுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. வடகரைச் சிறுபாலத்தில் விழும் கழிவுநீரை நிறுத்துங்கள் என்றுதான் கேட்டோம்.

ஆகாயத்தாமரையை நீங்கள் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். ஊதாப் பூவும் பச்சை இலையுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இறங்கி ஒரு செடியைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும். வேர் அடியில் கறுத்த சடையாகப் பக்கத்துச் செடிகளோடு பின்னிக் கிடக்கும். இரண்டு பேர் சேர்ந்து அரிவாளால் அறுத்து, நைலான் கயிறு கட்டி இழுத்தால்தான் பாய் அளவுக்கு ஒரு துண்டு கரைக்கு வரும். நீரைக் குடித்த அந்தச் செடியின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். முழங்கை வரை உறையும் காலுக்கு பூட்ஸும் போட்டுக்கொண்டுதான் இறங்குவோம். ஆனாலும் வீட்டுக்கு வந்து மூன்று நாளைக்கு அரிப்பு போகாது. எங்களில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார், வயது 71. அவரைக் கரையிலேயே நிற்கச் சொல்லுவோம், கேட்கமாட்டார்.

இப்படி 11 ஞாயிறுகள் வேலை செய்தோம். எடுத்ததையெல்லாம் வடகரையில் குவித்தோம். அதை அள்ளிக்கொண்டு போக ஒரு லாரி கேட்டு நான்கு கடிதங்கள் கொடுத்தோம். முதல் கடிதத்துக்கு வேறு பிரிவைப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பிரிவில், ஏரிக்கரை தங்கள் எல்லைக்குள் வராது என்றார்கள். மூன்றாவது கடிதத்துக்கு ரசீது மட்டும் கிடைத்தது. நான்காவதற்கு அதுவும் இல்லை. எங்கள் சொந்தப் பணத்தில் இரண்டு டிராக்டர் லோடு அனுப்பினோம். அதற்கு மேல் எங்களால் முடியவில்லை. மீதி அங்கேயே அழுகிக் கறுத்துச் சாறு வடிந்தது. ஒரு நாள் இரவு நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தபோது குவியலில் பாதி சரிந்து மறுபடியும் தண்ணீருக்குள் கிடந்தது. தபால்காரர் ஐயா கரையில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையிலிருந்து கையுறையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அதற்கு அடுத்த ஞாயிறு அவர் வந்தார், ஆனால் பத்துப் பேர் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

லாரிக் கதையை இவ்வளவு விரிவாகச் சொன்னதால், நாங்கள் லாரிதான் கேட்கிறோம் என்று தயவுசெய்து புரிந்துகொள்ள வேண்டாம். லாரி வந்திருந்தாலும் செடி திரும்ப வந்திருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடிக்குத் தேவை தழைச்சத்தும் மணிச்சத்தும். கழிப்பறைக் கழிவிலும் சோப்புத் தண்ணீரிலும் இரண்டும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. நாங்கள் வாரத்தில் ஒரு நாள் பிடுங்குகிறோம். சிறுபாலம் வாரத்தில் ஏழு நாளும் அதற்கு உரம் போடுகிறது.

அது மழைநீர்தான் என்று உங்கள் அலுவலர் ஒருவர் எங்களிடம் சொன்னார். மே மாதத்து மத்தியான வெயிலில், ஊரே வறண்டு கிடக்கும்போது, மழைநீர் வடிகாலில் இரண்டு சாண் ஆழத்துக்குச் சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடினால் அது எந்த மழையின் நீர் என்று அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவரைச் சங்கடப்படுத்துவது என் நோக்கமல்ல. பாதாள சாக்கடை இன்னும் வராத தெருக்கள் இருக்கின்றன. கழிவுநீர்த் தொட்டி நிறைந்தால் லாரிக்குப் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு முடியாதவர்களும் மனம் வராதவர்களும் வீட்டுக் குழாயை இரவோடு இரவாக வடிகாலில் இணைத்துவிடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இதைச் செய்கின்றன. எங்கள் பக்கத்துத் தெருவிலும் நடக்கிறது. குற்றம் முழுவதும் உங்களுடையது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்க்காரர்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறோம், ஏச்சும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்த இணைப்புகளைத் துண்டிக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அரசுக்குத் தந்திருக்கும் அதிகாரம் அது. ஞாயிற்றுக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குத் தந்ததல்ல.

தண்ணீரை நாங்களே சோதிக்கவும் கற்றுக்கொண்டோம். எங்கள் குழுவில் ஒரு வேதியியல் ஆசிரியை இருக்கிறார். விடிவதற்கு முன்னால்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்பார். பகலில் பாசியும் நீர்ச்செடிகளும் ஆக்சிஜனைத் தரும். இரவில் அவையும் மூச்சு விடும், அழுகலைத் தின்னும் நுண்ணுயிர்களும் மூச்சு விடும். இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்து, விடியலில்தான் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். குப்பியில் தண்ணீரைக் குமிழ் விழாமல் நிரப்பி, இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படியும். இல்லையென்றால் வெள்ளையாகப் படியும். தென்கரையில் மதகுக்குப் பக்கத்தில் எடுத்த குப்பி தேநீர் நிறத்தில் பழுத்தது. சிறுபாலத்து வாயில் எடுத்தது சுண்ணாம்புபோல வெள்ளையாகப் படிந்தது. மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் வெள்ளை.

மீன் வளர்ப்புக்கும் உயிரினங்களுக்கும் ஏற்ற நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. நாங்கள் ஆய்வகம் இல்லை. எங்கள் குப்பியை நம்ப வேண்டாம், உங்கள் ஆட்களை அனுப்பி நீங்களே எடுத்துப் பாருங்கள் என்றுதான் எழுதினோம். ஒருவர் வந்தார். காலை பதினொன்றரை மணிக்கு, தென்கரையில் எடுத்துக்கொண்டு போனார்.

நான் திருமணமாகி இந்த ஊருக்கு வந்தது 1999இல். அப்போது மாமனார் வீட்டுக் கிணற்றில் தோண்டிக் கயிறு நான்கு பாகம் இறங்கினால் தண்ணீர் தொடும். ஏரி நிறைந்திருக்கும்போது கிணறும் நிறையும். மாமனார் சிறுவனாக இருந்தபோது மதகைத் திறந்து வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட ஊரில் ஒரு கம்புகட்டி இருந்தாராம். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரத்துக் கால்வாயைத் தூர்வாரப் போவார்களாம். குடிமராமத்து என்று இன்று அரசாணைகளில் வரும் சொல்லுக்கு அந்த வேலைதான் பொருள். இப்போது வயல்கள் இல்லை, வீடுகள்தான். கிணறு இன்னும் இருக்கிறது. வாளியை இறக்கி மோந்தால் வாடை வருகிறது. தரை கழுவக்கூட அந்தத் தண்ணீரை எடுப்பதில்லை. குடிக்க கேன், குளிக்கத் தண்ணீர் லாரி. ஏரிக்கரையில் வீடு வைத்துக்கொண்டு தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு தெருவில் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்தக் கோடையில்தான் சிட்லபாக்கத்து மக்கள் வறண்ட ஏரிக்குள் இறங்கிக் குப்பையை அள்ளினார்கள். அதன் பிறகு அரசு அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது. மக்கள் கேட்டால் அரசு இறங்கி வரும் என்ற நம்பிக்கையில்தான் நாங்களும் தொடங்கினோம். நிதி வருவது நல்லதுதான். ஆனால் எந்த ஏரிக்கு நிதி வந்தாலும் முதலில் நடைபாதை, பிறகு விளக்கு, பிறகு வண்ணக் கல் பதித்த நுழைவாயில் என்றே வேலை போகிறது. கழிவுநீர் கடைசியில், பணம் மிஞ்சினால். எங்கள் தென்கரையிலும் நடைபாதை போட்டுக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி, தினமும் நடக்கிறேன். வடகரைத் திருப்பத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறேன்.

எங்கள் ஏரி தனி ஏரி இல்லை. கலங்கல் வழிந்தால் உபரிநீர் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022இல் பள்ளிக்கரணை ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக, அறிவிக்கப்பட்டபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். உலகத்துக்கு அறிவித்த சதுப்பு நிலத்துக்கு மேலே இருந்து எதை அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் யாராவது பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் இதே வழியில் தண்ணீர் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நின்றது. வடிந்த பிறகு சுவரில் கறுப்புக் கோடு. அந்தக் கோடும் வாடையும் வெறும் மழைநீர் விட்டுப்போனவை அல்ல.

இதே செங்கற்பட்டுச் சீமையில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், வேடந்தாங்கல் மக்கள் ஏரிக்கு வரும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் தங்கள் நெல்லுக்கு உரம் என்று சொன்னார்கள். அந்நியக் கம்பெனியின் அதிகாரி அவர். கேட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தார். அந்தப் பறவைகள் இன்றும் வருகின்றன. நாங்கள் மனு கொடுத்தது நாங்களே வாக்களித்து அமைத்த அரசின் அலுவலகத்தில்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பெங்களூருவின் ஜக்கூர் ஏரிக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்து, கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு வழியாக வடியவிட்டு, அதன் பிறகுதான் அனுப்புகிறார்கள். நீண்டகாலத்துக்கு இங்கும் அப்படி ஏதாவது வேண்டும். இப்போதைக்குக் கேட்பது அதைவிடச் சிறியது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால், சிறுபாலத்துக்கு மேலே வடிகாலில் தடுப்பு வைத்து, மழையில்லாத நாட்களில் வரும் கழிவுநீரைப் பக்கத்துச் சாலையில் ஏற்கெனவே போட்டிருக்கும் பாதாள சாக்கடைக்குத் திருப்பிவிடுங்கள். அந்த வடிகாலில் எந்தெந்த வீடும் கட்டடமும் குழாய் இணைத்திருக்கின்றன என்று கணக்கெடுத்து, அவகாசம் கொடுத்து, துண்டியுங்கள். என் வீட்டிலிருந்தே கணக்கெடுப்பைத் தொடங்கலாம். தெருத் தெருவாகக் கூட வர எங்கள் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

எங்கள் மனுவைத் திரும்பத் திறக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். திறக்க முடியாத விதி ஏதாவது இருந்தால், அந்தக் காரண வரியையாவது மாற்றி எழுதுங்கள். கழிவுநீர் வருகிறது, நிறுத்தவில்லை என்று உள்ளதை எழுதுங்கள். எங்கள் பெயரை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

வரும் ஞாயிறு காலை ஐந்தேகாலுக்குச் சிறுபாலத்தில் இருப்போம். உங்களில் ஒருவர் வந்தால் போதும். உறையும் பூட்ஸும் கூடுதலாக ஒரு ஜோடி எடுத்து வருகிறோம். தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. குப்பியை மட்டும் உங்கள் கையாலேயே நிரப்பி, என்ன நிறம் படிகிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
வடகரைக் குடியிருப்பாளர்களில் ஒருத்தி