நெக் ஸ்டாம்ப் கேட்டிருந்தியே

அம்மு,

ஏழு மாசம் கழிச்சு உன்கிட்ட இருந்து ஒரு மெசேஜ், அதுல உன்கிட்ட இருக்கற அந்தப் பழைய ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் கிட்டார் பத்தி நாலே நாலு கேள்வி. கழுத்து உடம்போட சேர்ற நெக் ஹீல்ல என்ன ஸ்டாம்ப் இருக்கு, வால்யூம், டோன் நாபுக்கு அடியில இருக்கற பாட் மேல என்ன கோட், உள்ள ஒயரை ஒட்டற சால்டரை யாராச்சும் தொட்டிருக்காங்களா, ஸ்ட்ரிங் முடியற இடத்தை மூடற ஆஷ்ட்ரே கவர் நம்ம வீட்டுல இருக்கா. எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை இல்ல. அம்மா படிச்சுட்டு ஏதோ அவசரத்துல அனுப்பியிருப்பான்னு சொன்னா, நானும் ஆமான்னு சொல்லிட்டேன். எதுக்குக் கேக்கறேன்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டதுக்குப் பதில் எழுதறேன், அவ்வளவுதான்.

ஸ்டாம்ப் பாக்கணும்னு கழுத்தைக் கழட்டிடாதே. நான் 1984-ல கழட்டினப்போ நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், 5 மே 63 சி. அந்த 5-ஐ நிறைய பேரு தேதின்னு நினைச்சுக்குவாங்க, அது தேதி இல்ல, அந்தக் காலத்துல பிரெசிஷனுக்கு அவங்க வெச்சிருந்த மாடல் நம்பர், அவங்களோட இன்னொரு மாடல் ஜாஸ் பேஸுக்கு 7. சி-ன்னா தலைப்பக்கம் நட் கிட்ட கழுத்தோட அகலம், ஒண்ணேமுக்கால் இன்ச். ஜாஸ் பேஸ்னா பெரும்பாலும் ஏ, ஒன்றரை இன்ச். உனக்குப் பன்னெண்டு வயசுல கை எட்டலன்னு அழுதியே, அந்தக் கால் இன்ச்சுக்காகத்தான் அழுதே. பின்னாடி பிளேட்ல எல்-லுன்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கு, அதை மட்டும் வெச்சு வருஷம் சொல்ல முடியாது, பிளேட்டெல்லாம் டப்பாவுல கொட்டிக் கிடக்கும், கைக்கு வந்ததை எடுத்துப் போட்டு முடுக்கிடுவாங்க.

பாட் கோட் 304 6320. 304-னா ஸ்டாக்போல் கம்பெனி, 63 வருஷம், 20-ஆவது வாரம், அதுவும் மே மாசம்தான், கழுத்தோட சரியா ஒத்துப் போகுது. சால்டர் விஷயத்துல உண்மையைச் சொல்லிடறேன். டோன் பாட்ல யாரும் கை வெக்கல, மேல இருக்கற பிக்கார்ட் தகட்டைத் தூக்கிப் பாத்தீன்னா அந்த சால்டர் மங்கிப் போய் சாம்பல் நிறத்துல தட்டையா படுத்திருக்கும். வால்யூம் பாட் முதுகுல ஒரு கிரவுண்ட் ஒயர் விட்டுப்போய் கர்ர்ருன்னு சத்தம் வந்துச்சு, அதை நான்தான் ஒட்டினேன், அது மட்டும் பளபளன்னு கொஞ்சம் குண்டா நிக்கும். பக்கத்துலயே சால்டரிங் இரும்பு பட்டு ஒயர் துணி லேசா கருகியிருக்கும், கை நடுங்கிடுச்சு அன்னிக்கு, என் மாஸ்டர் இந்த பேஸைக் குடுத்து ரெண்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. பாட்டை மாத்தல, ஸ்ட்ரிங் சத்தத்தைப் பிடிக்கற பிக்கப்பைத் தொடல. யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லு, மறைக்காதே.

ஆஷ்ட்ரே இருக்கு. பீரோவுல என் பழைய ஸ்ட்ரிங் டப்பாவுக்கு அடியில துணியில சுத்தி வெச்சிருக்கேன். உள்ள இருந்த ஃபோம் தொட்டாலே பொடியாக் கொட்டுது, அந்தப் பொடியைக் கூட நான் தூக்கிப் போடல. அந்த ஃபோம் தான் ஸ்ட்ரிங் மேல லேசா அழுத்தி சத்தத்தைக் குறுக்கும், டம் டம்னு நின்னுடும், இழுக்காது. லியோ ஃபெண்டர் 1951-ல இந்த பிரெசிஷன் பேஸைக் கொண்டு வந்தப்போ ஆளுயர கட்டை பேஸ் தூக்கிச் சுமக்கறவங்களுக்காகத்தான் யோசிச்சாரு, கழுத்துல ஃப்ரெட் கம்பி வெச்சா சுருதி பிசகாம வாசிக்கலாம்னுதான் பிரெசிஷன்னு பேரே. எல்லாரும் கட்டைவிரல்ல தட்டுவாங்கன்னு நினைச்சு விரல் பிடிச்சுக்கற கட்டையைக் கூட ஜி ஸ்ட்ரிங் பக்கம் கீழ வெச்சிருக்காரு பாரு. இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதறேன், வேற என்ன எழுதறதுன்னு தெரியல.

இன்னொண்ணு. ஃபிங்கர் போர்ட் பிரேசிலியன் ரோஸ்வுட். 1992-ல இருந்து அது சைட்டிஸ்ங்கற அழியற உயிரினங்களுக்கான உலக ஒப்பந்தத்தோட முதல் அட்டவணையில இருக்கு, நாடு விட்டு நாடு போகணும்னா பேப்பர் வேணும், சும்மா பார்சல் போட முடியாது. உனக்கு இது தேவைப்படுமான்னு தெரியாது. சொல்லி வெச்சேன். குளிருல இருந்து வந்த பெட்டியை உடனே திறக்காதே, சூடான ரூம்ல அப்படியே சில மணி நேரம் மூடி வெச்சிட்டு அப்புறம் திற, இல்லன்னா மேல பூசின லாக்கர் விரிசல் விட்டுடும்.

மோட்டவுன் ரெக்கார்ட் கம்பெனிக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் கிட்ட இருந்தது 62 பிரெசிஷன். வழவழன்னு இருக்கற ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங் போட்டா மாத்தவே மாட்டாரு, ஒரே ஒரு விரல்ல வாசிச்சாரு, மோட்டவுன்ல அத்தனை பாட்டுக்கும் அந்த ஒரு விரல்தான். 1983-ல அவரு சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி அது களவு போச்சு. இன்னொரு பெரிய பேஸ்காரர் ஜாக்கோ பாஸ்டோரியஸோட ஜாஸ் பேஸ், ஃப்ரெட்டெல்லாம் பிடுங்கிட்டு படகுக்குப் பூசற எபாக்ஸி பூசி வெச்சிருந்தாரே, அது 1986-ல நியூயார்க்ல ஒரு பார்க்ல திருடு போச்சு, அவரு போனது அடுத்த வருஷம், பேஸ் வெளிய தெரியவே இருபது வருஷம் ஆச்சு. களவு போறது வேற அம்மு. நாமளா கையால தூக்கிக் குடுக்கறது வேற. நான் எதையும் மனசுல வெச்சு சொல்லல.

ஆனா ஒண்ணு கேக்கறேன், வாசிக்கறவங்க பாட் கோட் கேக்க மாட்டாங்க இல்லையா?

சரி விடு. ஆம்ப் பத்தி நீ ஒண்ணும் கேக்கல, நான் சொல்றேன். நம்ம பழைய ஆம்பெக் ட்யூப் ஆம்ப் பி-15-ஐ ரொம்ப நாளா ஆன் பண்ணாம வெச்சிருந்தீன்னா எடுத்த எடுப்புல சுவிட்சைப் போடாதே. உள்ள ஃபில்டர் கெபாசிட்டர் காஞ்சு போயிருக்கும். ஆம்ப்போட தலையைப் புரட்டி மேல வெச்சு கொக்கி மாட்டினதும் முதல் வேலை ஸ்பீக்கர் ஒயர். ஸ்பீக்கர் மாட்டாம ட்யூப் ஆம்ப்பை ஆன் பண்ணக்கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயிடும், அது போச்சுன்னா அந்த ஆம்ப்போட குரலே போச்சு. பிளக்கைப் பிடுங்கிட்டோமேன்னு உள்ள கைய விடாதே, கெபாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும், பெரியப்பா ஸ்க்ரூ டிரைவர் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் பெரிய ஆம்ப் எஸ்விடி-ன்னா இன்னும் மோசம், அறுநூறு வோல்ட்டுக்கு மேல ஓடுது அதுல.

நீ அந்த எஸ்விடி வாங்கினப்போ நான் ஒரு வார்த்தை நல்லதா சொல்லல. முன்னூறு வாட்ஸ், பதினாலு ட்யூப், தலை மட்டும் கிட்டத்தட்ட நாப்பது கிலோ, அதுக்குக் கீழ எட்டு ஸ்பீக்கர் வெச்ச ஃப்ரிட்ஜ் மாதிரி பெட்டி, இவளுக்கு எதுக்கு இதுன்னு அம்மாகிட்ட கத்தினேன். அப்புறம் ஃபோடேரா கம்பெனி அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ். ஆறு வருஷம் காசு சேத்து வாங்கி போட்டோ அனுப்பினே, நான் ஃபர்னிச்சர் மாதிரி இருக்குன்னு பதில் போட்டேன். அது தப்பு. நீ அனுப்பின அந்த ரெக்கார்டிங்ல அடி ஸ்ட்ரிங் லோ பி-யை விட்டு அப்படியே நிக்க வெச்சே பாரு, முப்பத்தொரு ஹெர்ட்ஸ், என் பழைய ஸ்பீக்கர்ல அது வரவே வராது, ஹெட்ஃபோன் வாங்கிட்டு வந்து மறுபடி கேட்டேன். சுரம் பிசிறில்லாம வந்து உக்காந்துச்சு. வந்தவங்க போனவங்க எல்லாருக்கும் அந்த ஹெட்ஃபோனை மாட்டி விட்டேன். உன்கிட்ட மட்டும் சொல்லல. நீயும் அதுக்கப்புறம் ஒண்ணும் அனுப்பல. ஏழு மாசம். பெத்தவங்களுக்கு ஒரு நிமிஷத்துக்கு எதையாச்சும் வாசிச்சு அனுப்பக் கூட நேரம் இல்லையா, இல்ல வாசிக்கறதே இல்லையா? இதைத்தான் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்.

பி-15 விஷயத்துக்கே வரேன். நீ அதுல எத்தனை தரம் வேலை பார்த்தேன்னு எண்ணிப் பாத்தேன். மூணு தரம் ட்யூப் மாத்தினே, 6எஸ்எல்7 கிடைக்காம தேடித் தேடி வாங்கினே, 6எல்6 ஜோடி மேட்ச் பண்ணி வாங்கினே. சாக்கெட் சுத்தம் பண்ணினே. வால்யூம் பாட் மாத்தினே, ஒரிஜினலை ஏண்டி மாத்தறேன்னு நான் திட்டக் கூட இல்ல, கவனிச்சியா? மேடையில திடீர்னு சத்தம் இறங்கிடுதுப்பா, எப்ப இறங்கும்னு தெரியாம எப்படி வாசிக்கறதுன்னு சொன்னே. அப்புறம் அதை நம்பவே மாட்டேன்னு மூலையில வெச்சிட்டு எஸ்விடி-க்குப் போனே.

அந்த ஆம்ப்ல ஒரு கோளாறும் இல்ல அம்மு. அன்னிக்கு வால்யூமை இறக்கினது நான்.

உன் முதல் மேடை. பதினேழு வயசு உனக்கு. நான் பின்னாடி ஆம்ப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன், நீயே அங்கதான் இருக்கச் சொன்னே, அப்பா பின்னாடி இருந்தா பயம் இருக்காதுன்னு. ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சதும் நீ தாளத்தை விட்டு முன்னாடி ஓடினே. டிரம்மர் என்னைத் திரும்பிப் பாத்தாரு, இருபது வருஷம் கூட வாசிச்ச மனுஷன், வேற ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு பார்வை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. என் பொண்ணுக்குத் தாளம் நிக்கலன்னு நாளைக்கு எல்லாரும் பேசுவாங்களேன்னு, அந்த ஒரு நிமிஷம் உன்னை நினைக்கல, என்னைத்தான் நினைச்சேன். கை நீட்டி வால்யூம் நாபை நடுவுல இருந்து கிட்டத்தட்ட அடிவரைக்கும் திருப்பிட்டேன். அந்தக் குமிழ் எவ்வளவு மெதுவாச் சுத்தும்னு உனக்குத் தெரியும், ஒரு சத்தமும் வரல. நீ நாலு பார் தாளம் கழிச்சுதான் திரும்பினே. என்னைப் பாக்கல, ஆம்ப்பைப் பாத்தே. மேல அந்த பிளேட்ல வெளிச்சம் எரியுதான்னு பாத்தே. அப்புறம் கீழ குனிஞ்சு வாசிச்சுக்கிட்டே இருந்தே, உனக்கே கேக்காத பேஸை பாட்டு முடியற வரைக்கும் ஒரு சுரம் விடாம வாசிச்சே.

கீழ இறங்கி வந்து என்னப்பா ஆச்சுன்னு கேட்டே. பழைய ஆம்ப், கொஞ்சம் மக்கர் பண்ணுதுன்னு சொன்னேன். வாயில வந்துடுச்சு. மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன், மறுநாள் நீ ட்யூப் வாங்கிட்டு வந்து நின்னே. அப்புறம் எப்படிச் சொல்றது. ஒவ்வொரு தரம் நீ பின் கவரைக் கழட்டும்போதும் ஜாக்கிரதை கெபாசிட்டர், ஜாக்கிரதை கெபாசிட்டர்னு மட்டும் சொல்லிக்கிட்டு பக்கத்துல நின்னேன்.

சித்தப்பா அன்னிக்கு கேசட்ல பிடிச்சாரு இல்ல, போன மாசம் பரண்ல கிடைச்சுது, போட்டுக் கேட்டேன். நீ ஓடினது நிஜம், அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். முதல் எட்டு பார் ஓடுறே. ஒன்பதாவதுல உனக்கே தெரிஞ்சு இழுத்துப் பிடிக்கறே, பத்தாவதுல கிக் டிரம் மேல நேரா வந்து உக்காரறே, அழகா. அங்கதான் பேஸ் காணாமப் போகுது. ஒரு பார் பொறுத்திருந்தா நானே கேட்டிருப்பேன்.

இதை முன்னாடியே எழுதியிருக்கணும். நீ கேட்ட நாலு கேள்வி வரலன்னா இப்பவும் எழுதியிருக்க மாட்டேன், அதுதான் உண்மை.

அதனால இப்ப கேக்கறேன், தைரியமா கேக்கறேன். வாசிக்கறதை விட்டுட்டியா? காசு நெருக்கடியா? கையில, காதுல ஏதாச்சும் பிரச்சனையா? எதுவா இருந்தாலும் சொல்லு. விக்கணும்னா வித்துக்கோ, அது உன்னோடது, மாஸ்டர் என்கிட்ட குடுத்தப்போ எந்த நிபந்தனையும் போடல, நானும் போட மாட்டேன். சால்டர் பத்தி மேல எழுதினதை வாங்கறவங்ககிட்ட அப்படியே காட்டு. ஆஷ்ட்ரே வேணும்னா ஒரு வரி போடு, நல்லா சுத்தி அனுப்பி வெக்கறேன், ஃபோம் பொடியையும் தனிக் கவர்ல போட்டு வெக்கறேன். பி-15-ஐ மட்டும் விக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் பிரெசிஷனை மாட்டி வாசிச்சுப் பாரு. வால்யூமை நடுவுல வை. அது இறங்காது.

ஸ்பீக்கர் ஒயரை மாட்டிட்டு ஆன் பண்ணு.

அப்பா

கேசட்டை சித்தப்பா பையன் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன்னு சொல்லியிருக்கான். அனுப்பட்டுமா வேணாமான்னு நீயே சொல்லு.