கழுத்தோரம் போகும் கை

அன்பு மகனுக்கு,

போன ஞாயிறு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது உன் வலது கை இரண்டு முறை கழுத்தோரம் போனது. தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, கண்ணைக் கொஞ்சம் திருப்பி, மனதுக்குள் நாடித் துடிப்பை எண்ணிவிட்டுக் கையை இறக்கினாய். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை. வேறு யார் கண்ணிலும் அது பட்டிருக்காது. என் கையும் ஆறு வருடம் அப்படித்தான் போய்ப் போய் வந்தது, கண்ணா. அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இரண்டாவது தெரபிஸ்ட்டிடம் போயும் ஒன்றும் ஆகலம்மா, நான் இப்படித்தான் போல" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் சின்ன வயதில் நான் மாடிப்படி ஏற மாட்டேன், ஞாபகம் இருக்கிறதா? கால் வலி என்று உன்னிடம் சொல்வேன். காலில் ஒன்றும் இல்லை. படி ஏறினால் நெஞ்சு படபடக்கும், படபடத்தால் அங்கேயே விழுந்து செத்துவிடுவேன் என்ற பயம். இத்தனை வருடம் இதை உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தவறு. சொல்லியிருந்தால் உனக்கு வந்தபோது இவ்வளவு தனியாக இருந்திருக்க மாட்டாய்.

நானும் கவுன்சிலிங் போனேன். நல்ல மனசுள்ள பெண்மணி. என் சிறு வயதைப் பற்றி நிறையப் பேசினோம். அறையில் இருக்கும்வரை லேசாக இருக்கும். தெருவுக்கு வருவதற்குள் படபடப்பு திரும்பிவிடும். என்னிடம்தான் ஏதோ கோளாறு, எல்லோருக்கும் பலிப்பது எனக்குப் பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீ இப்போது நினைப்பதும் அதையேதான்.

டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986இல் இந்தப் படபடப்பையும் பயத்தையும் ஒரு வட்டமாக விளக்கினார். இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. அதை ஆபத்து என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது, இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது, 'பார்த்தாயா, உண்மைதான்' என்று பயம் கூடுகிறது. அந்த வட்டத்தை உடைக்க, படபடப்பை நாமே வேண்டுமென்று வரவழைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, படி ஏறி ஓடுவது. இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, தெரிந்தவர் துணையோடு செய்ய வேண்டியது. வரவழைத்த படபடப்பு தானே ஏறி, தானே இறங்குவதை உடம்பு ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு நம்ப ஆரம்பிக்கிறது.

உனக்கு இதை யாராவது செய்ய வைத்தார்களா? பதினாறு முறை போனதாகச் சொன்னாய். பதினாறு முறையும் உட்கார்ந்து பேசியது மட்டும்தான் என்றால், சிகிச்சை உனக்குப் பலிக்கவில்லை என்று முடிவு கட்டாதே. உனக்கு வேண்டிய பகுதி இன்னும் உன் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவர்களிடமே வாய்விட்டுக் கேள். தெரியாது என்றால், தெரிந்தவரைத் தேடலாம்.

என்னைத் தூக்கிவிட்டது கிளேர் வீக்ஸ் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் சொன்ன ஒரு விஷயம். அவருக்கே இளம் வயதில் இதயம் படபடத்தது. காசநோய் என்று தவறாகச் சொல்லி, மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்தார்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய ஒரு நண்பர்தான், போர்முனையில் சிப்பாய்களுக்கும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், இது பயம் என்றார். பயத்தை வீக்ஸ் இரண்டாகப் பிரித்தார். முதல் பயம் உடம்பு எறிவது, அது நம் கையில் இல்லை. 'ஐயோ, வந்துவிட்டதே, நிற்காதோ' என்று அதன்மேல் நாம் போடுவது இரண்டாவது பயம். நோயை நீட்டிப்பது இந்த இரண்டாவதுதான்.

இதைப் படித்த அன்று சாயங்காலம் படி ஏறினேன். பாதியில் நெஞ்சு அடிக்க ஆரம்பித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கை கழுத்துக்குப் போகத் துடித்தது. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, 'அடி, எவ்வளவு வேண்டுமானாலும் அடி' என்று இருந்தேன். காதுக்குள் டம் டம் என்று கேட்டது. உள்ளங்கை நனைந்துபோனது. அப்புறம், நான் ஒன்றுமே செய்யாமல், அது தானாகத் தணிந்தது. ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மறுநாளும் வந்தது, அடுத்த வாரம் இன்னும் மோசமாக வந்தது. ஆனாலும் தினமும் போய் அதே படியில் உட்கார்ந்தேன்.

நீ வைத்திருக்கிறாயே மூச்சுப் பயிற்சி ஆப், அது நல்லதுதான். மெதுவாக மூச்சை விட்டால் உடம்பு தணியும். ஆனால் படபடப்பு எட்டிப் பார்த்ததுமே அதை விரட்ட ஆப்பை எடுக்கிறாய் என்றால், அதுவும் கழுத்துக்குப் போகிற கைதான். பதற்றம் இல்லாத நேரத்தில் செய்து பழகு.

தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள். இரண்டுமே படபடப்பைத் தரும். சாயங்காலக் காபியை விடு. காபியில் உள்ள கஃபீன் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பதற்றத்துக்கு டாக்டர் மாத்திரை தந்தால், வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்காதே. பலன் தெரியச் சில வாரம் ஆகலாம், நீயாக நடுவில் நிறுத்தவும் கூடாது. மாத்திரைக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல். 2022இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டு வாரத் தியானப் பயிற்சி பதற்றத்துக்கு எஸ்சிடலோப்ராம் என்ற மாத்திரைக்குக் குறையாத பலன் தந்திருக்கிறது. வழி ஒன்றுதான் என்று இல்லை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் என்றைக்காவது வந்தால் மட்டும், நடுராத்திரி என்றாலும் உடனே கூப்பிடு.

கடைசியாக என் பங்கு. தினமும் போனை எடுத்ததும் "இன்னைக்கு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்கிறேன். நான் கேட்கும் ஒவ்வொரு முறையும் நீ உன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்கிறாய். பாசத்தில் கேட்டதுதான், ஆனால் உன் கையைக் கழுத்துக்கு அனுப்புவதில் நானும் சேர்ந்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு அதைக் கேட்க மாட்டேன். படபடப்பு இருந்தாலும் கூப்பிடு. அது பாட்டுக்கு இருக்கட்டும், நாம் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்போம்.

அன்புடன்,
அம்மா